பாசி ஸ்கிரப்பருக்கு எந்த எல்இடி விளக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே பாசி ஸ்கிரப்பர் செய்ய இறங்குகிறவர்கள் வலை, குழாய், பம்பு ஆகியவற்றைத் தடையின்றி முடித்துவிட்டு, விளக்கு வாங்கும் கட்டத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். விளக்குப் பெட்டிகளின் மீது அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் அந்தத் தயக்கத்தைக் கூட்டவே செய்கின்றன. திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட ஐயங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால், முதன்முறையாகச் செய்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பாசி ஸ்கிரப்பர் என்பது என்ன? அதற்கு ஏன் தனியாக ஒரு விளக்கு?

மீன்தொட்டியின் நீரைச் சொரசொரப்பான ஒரு பிளாஸ்டிக் வலையின் மீது மெல்லிய படலமாக வழியவிட்டு, அந்த வலைக்கு வலுவான ஒளி கொடுத்து, பாசியை அங்கே வேண்டுமென்றே வளர்க்கும் அமைப்புக்குத்தான் பாசி ஸ்கிரப்பர் என்று பெயர். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பாசி வளர்கிறது. அதைச் சுரண்டி எடுத்து வெளியே போடும்போது, அந்தச் சத்துகளும் தொட்டியை விட்டு நிரந்தரமாக வெளியேறுகின்றன. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்ற ஆய்வாளர் 1980-களில் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தார்.

பாசி எங்கே வளர வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒளிதான். தொட்டிக்குள் கல்லின் மீதும் கண்ணாடியின் மீதும் வளர விரும்பும் பாசிக்கும், வலையில் வளரும் பாசிக்கும் இடையே ஒரே உணவுக்கான போட்டி நடக்கிறது. அந்தப் போட்டியில் வலை வெல்ல வேண்டுமானால், அமைப்பு முழுவதிலும் ஒளி மிகுந்த இடமாக அது இருக்க வேண்டும். தொட்டியின் மேல்விளக்கிலிருந்து கசிந்து வரும் வெளிச்சம் அதற்குப் போதாது.

2. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளை எல்இடி பல்பையே போட்டால் வளராதா?

வளரும். ஆனால் எந்த வெள்ளை என்பதைப் பார்க்க வேண்டும். பெட்டியில் கெல்வினில் குறிக்கப்படும் நிறவெப்பநிலை 2,700 முதல் 3,000 வரை உள்ள மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கில் சிவப்பு ஒளியின் பங்கு அதிகம். 6,500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட பளிச்சென்ற நீலவெள்ளை விளக்கில் அது குறைவு. இரண்டும் ஒரே வாட்டாக இருந்தால், முதல் வகையை எடுப்பதே சரி.

சுவரில் பொருத்தும் சிறிய ஃபிளட் லைட் வகையில், 10 வாட் மஞ்சள்வெள்ளை விளக்கு ஒன்றை வலையின் இருபுறமும் வைத்துத் தொடங்கிய ஸ்கிரப்பர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. செடி வளர்ப்புக்கென்று விற்கப்படும் குரோ லைட் வாங்கும்வரை கட்டுமானத்தை நிறுத்தி வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பொருத்தும் சட்டத்தை மட்டும், பின்னர் வேறு விளக்கை மாற்றும்படி கழற்றக்கூடியதாகச் செய்துகொள்ளுங்கள்.

3. அப்படியானால் குரோ லைட் என்று விற்பதில் அப்படி என்ன சிறப்பு?

பச்சைப் பாசியில் உள்ள பச்சையம் ஒளியை எல்லா நிறத்திலும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. சிவப்பிலும் நீலத்திலும் அதன் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கிறது. குரோ லைட்டுகளில் பெரும்பாலும் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பு எல்இடிகளும், 450 நானோமீட்டரை ஒட்டிய நீல எல்இடிகளும் இருப்பதற்கு இதுவே காரணம். பச்சை ஒளி பாசிக்கு முற்றிலும் பயனற்றது என்று சிலர் சொல்வது சரியன்று. அதுவும் பயன்படுகிறது, செயல்திறன் மட்டுமே குறைவு. வெள்ளை விளக்கில் பாசி வளர்வதே அதற்குச் சான்று.

சிவப்புக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒளிச்சேர்க்கை நடப்பது ஒளித்துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. சிவப்பு ஒளித்துகள் ஒவ்வொன்றும் நீலத் துகளைவிடக் குறைந்த ஆற்றல் கொண்டது. ஒரு ஜூல் ஒளியாற்றலில் 660 நானோமீட்டர் சிவப்பாக இருந்தால் ஏறக்குறைய 5.5 மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு) துகள்களும், 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் ஏறக்குறைய 3.8 மைக்ரோமோல் துகள்களும் கிடைக்கின்றன. ஆகவே, வெளிவரும் ஒளி ஒரே வாட்டாக இருக்கும்போது, சிவப்பில் பாசிக்குக் கிடைக்கும் துகள்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஸ்கிரப்பருக்கான விளக்கில் சிவப்பு பெரும்பான்மையாகவும் நீலம் சிறுபான்மையாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று 12-ஆம் கேள்வியில் வருகிறது.

4. ஒரு பெட்டியில் லூமென் போட்டிருக்கிறது, இன்னொன்றில் மைக்ரோமோல் போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?

லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் அளவு. நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அளவிலுள்ள மஞ்சள்பச்சையில் உச்சமாக இருந்து, இருபுறமும் வேகமாகச் சரிகிறது. அந்த உச்சத்தை 100 என்று கொண்டால், 660 நானோமீட்டர் சிவப்பில் அது ஏறக்குறைய 6. 450 நானோமீட்டர் நீலத்தில் ஏறக்குறைய 4. பாசி மிக நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் இரண்டு நிறங்களும் லூமென் கணக்கில் ஒன்றுமில்லாததுபோல் தெரிவதால், சிவப்பு–நீல விளக்குகளை லூமெனை வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. ஒரே நிறவெப்பநிலை உள்ள இரண்டு வெள்ளை விளக்குகளை ஒப்பிட மட்டும் லூமென் உதவும்.

மைக்ரோமோல் என்று குறிப்பிடப்படுவது, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் எண்ணிக்கை. அதிலும் ஒரு வாட் மின்சாரத்துக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் கிடைக்கிறது என்ற எண்தான் விளக்கின் தரத்தைக் காட்டும். இன்றைய நல்ல குரோ லைட்டுகளில் அது 2.5-க்கு மேல் இருக்கும். இந்த எண்ணைத் தராத விற்பனையாளரிடம், அடுத்த கேள்வியில் சொல்லப்படும் உண்மையான வாட்டையாவது கேட்டுப் பெறுங்கள்.

5. "600 வாட்" என்று போட்ட பேனல் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பெயரில் இருக்கும் வாட்டும் பிளக்கிலிருந்து இழுக்கும் வாட்டும் இந்தச் சந்தையில் அரிதாகவே ஒன்றாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் எல்இடிகளின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய உச்ச அளவால் பெருக்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்; ஆனால் அவற்றை ஓட்டும் மின்னோட்டம் அந்த உச்சத்தில் ஒரு பகுதியாகவே இருக்கும். "இதற்கு நிகரான பழைய விளக்கு" என்ற பொருளில் போடப்படும் எண்களும் உண்டு. எனவே, விவரப் பட்டியலில் "உண்மை மின்நுகர்வு" என்று இருப்பதை மட்டும் பாருங்கள். வாங்கிய பின், பிளக்கில் பொருத்தும் வாட் மீட்டரில் ஒருமுறை அளந்துவிடுவது இன்னும் நல்லது. இனி இந்தப் பக்கத்தில் வாட் என்று வருவதெல்லாம் அப்படி அளந்த வாட்டே.

6. சரி, என் ஸ்கிரப்பருக்கு எத்தனை வாட் வேண்டும்?

முதலில் வலையின் பரப்பைத் தீர்மானிக்க வேண்டும்; வாட் அதைப் பின்தொடரும். வலையின் பரப்பைத் தீர்மானிப்பது, நாள்தோறும் தொட்டிக்குள் போகும் உணவின் அளவு. உறைய வைத்த உணவுக் கட்டி ஒன்றை, அதாவது ஒரு ஃப்ரோசன் கியூபை, தினமும் போடும் தொட்டிக்கு, இருபுறமும் ஒளி படும் ஏறக்குறைய 80 சதுர சென்டிமீட்டர் வலையும், இரு பக்கத்துக்கும் சேர்த்து 12 வாட் எல்இடியும் வேண்டும் என்பது ஸ்கிரப்பர் செய்பவர்களிடையே நெடுநாளாகப் புழங்கிவரும் நடைமுறை விதி. 80 என்பது வலையின் நீள அகலத்தைப் பெருக்கி வரும் எண்; இரு பக்கத்தையும் கூட்டிய எண் அன்று. உலர்ந்த செதில் உணவாக இருந்தால், பத்துச் சிட்டிகையை ஒரு கியூபுக்கு இணையாகக் கொள்ளலாம்.

தினமும் இரண்டு கியூப் போடும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். வேண்டிய பரப்பு 160 சதுர சென்டிமீட்டர்; அதாவது 10 சென்டிமீட்டர் அகலமும் 16 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வலை. ஒளி மொத்தம் 24 வாட், பக்கத்துக்கு 12 வாட். வலையின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் நீர் என்ற கணக்கில், இந்த வலைக்கு மணிக்கு 500 லிட்டர் நீர் வழிய வேண்டும். நீரோட்டத்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு: ஒளி போதும், நீர் போதாது என்றால், பாசிக்குச் சத்து போய்ச் சேராது, வலையின் மேற்பரப்பு ஆங்காங்கே காய்ந்தும் போகும். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த விளக்கும் உதவாது.

12 வாட் என்ற விதி, எல்இடிகளின் திறன் இன்று இருப்பதைவிடக் குறைவாக இருந்த காலத்திலிருந்து வருவது. 4-ஆம் கேள்வியில் சொன்னபடி வாட்டுக்கு 2.5 மைக்ரோமோலுக்கு மேல் தரும் விளக்கு உங்களிடம் இருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கு வாட்டுடன் தொடங்கிப் பாசியின் நிறத்தைப் பார்த்துக் கூட்டுவது பாதுகாப்பானது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள விளக்கைத் தேடி வாங்கச் சொல்வதும் இதனால்தான். இரண்டு விளக்குகளுக்கிடையே தயங்கினால், கூடுதல் வாட் உள்ளதைவிட டிம்மர் உள்ளதையே நான் தேர்வேன்.

7. என் தொட்டி 400 லிட்டர். லிட்டர் கணக்கில் சொல்லக் கூடாதா?

கூடாது. 400 லிட்டரில் நான்கு சிறிய மீன்களும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். பாசி உண்பது நீரின் கொள்ளளவை அன்று, நீரில் கரைந்த சத்துகளை. அவை பெரும்பாலும் நீங்கள் போடும் உணவிலிருந்து வருபவை.

8. இடம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தால் போதுமா?

வைக்கலாம், ஆனால் அதே வேலைக்கு வலையின் பரப்பு இருமடங்காக வேண்டும். 6-ஆம் கேள்வியில் வந்த 160 சதுர சென்டிமீட்டர், ஒரு பக்க ஒளியில் 320 ஆகிவிடும்.

பரப்பைவிட முக்கியமான வேறொரு குறை இதில் உண்டு. பாசி தடிக்கத் தடிக்க, வலையை ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதிக்கு ஒளி கிடைப்பது குறைகிறது. இருபுற ஒளியில் அந்தப் பகுதிக்குப் பின்னாலிருந்தும் கொஞ்சம் ஒளி கிடைக்கும். ஒருபுற ஒளியில் அது கிடைக்காததால் அடிப்பாசி விரைவில் மடிந்து, மேலே உள்ள முழுக் கொத்தும் கழன்று நீரில் போய்விடும். ஆகவே ஒருபுற ஸ்கிரப்பரில் அறுவடையைத் தள்ளிப்போடக் கூடாது.

9. விளக்கை வலைக்கு எவ்வளவு அருகில் வைக்க வேண்டும்? நடுவில் மட்டும் பாசி வெளுத்து, ஓரங்களில் கருப்பாக இருக்கிறதே?

ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை என்பது பெரும்பாலான வீட்டு அமைப்புகளுக்குப் பொருந்தும். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. லென்ஸ் இல்லாத, 120 பாகை விரிவுள்ள ஒற்றை எல்இடியை வலையிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால், அதற்கு நேர் எதிரே விழும் ஒளியில் கால் பங்குதான் 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் உள்ள இடத்தில் விழுகிறது. மொத்த ஒளியையும் ஒரு சிறு சதுரத்தில் குவித்து வைத்திருக்கும் சிஓபி வகை எல்இடியை இவ்வளவு அருகில் வைப்பவர்களுக்கு, நடுவில் ஒளி மிகுந்து பாசி வெளுக்கிறது. ஓரங்களில் ஒளி குறைந்து கரும்பாசி வளர்கிறது. ஒரே வலையில் இரண்டு விதமான குறைகளும் தென்படுவதால், விளக்கைக் கூட்டுவதா குறைப்பதா என்று குழம்பிப் போகிறார்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒளியைப் பரப்ப வேண்டும்.

பரப்புவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு பெரிய எல்இடிக்குப் பதிலாக, அதே மொத்த வாட்டில் பல சிறிய எல்இடிகளை மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக அமைப்பது முதல் வழி; நான் பரிந்துரைப்பதும் அதுவே. விளக்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஓரங்களில் வெள்ளை அல்லது கண்ணாடி போன்ற பளபளப்பான தகட்டை வைத்துச் சிதறும் ஒளியைத் திருப்புவது இரண்டாவது. பால்நிற அக்ரிலிக் தகட்டை இடையில் வைப்பது மூன்றாவது. இதில் ஒளியின் ஒரு பகுதி இழப்பாகும். குவிக்கும் லென்ஸ்கள், விளக்கை இருபது முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டுமே தேவை.

10. எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்? இரவில்தான் போட வேண்டும் என்கிறார்களே?

புதிய வலையில் முதல் சில வாரங்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் போதும். வலை முழுவதும் பச்சை மூடிய பின் படிப்படியாக 18 மணி நேரம்வரை கொண்டு போகலாம். 24 மணி நேரமும் எரியவிடுவது வளர்ச்சியை அதற்கேற்பக் கூட்டுவதில்லை. மின்சாரத்தையும் விளக்கின் ஆயுளையும் மட்டுமே தின்கிறது. ஒரு சிறிய டைமர் இதற்குப் போதுமானது.

இரவில் போடுவதற்குக் காரணம் கார அமில நிலை. விளக்கணைந்த தொட்டியில் மீன்களும் பவளங்களும் பாசியும் மூச்சுவிட்டு வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைவதால், இரவில் பிஎச் இறங்குகிறது. அந்நேரத்தில் ஸ்கிரப்பரின் விளக்கு எரிந்தால், வலைப்பாசி அந்த வாயுவை எடுத்துக்கொண்டு, இறக்கத்தைக் குறைக்கிறது. 18 மணி நேரம் எரியும் விளக்கை முழுக்க இரவுக்குள் அடக்க இயலாது என்பதால், அது அணைந்திருக்கும் 6 மணி நேரத்தைத் தொட்டியின் மேல்விளக்கு எரியும் நேரத்தின் நடுப்பகுதியில் அமைத்தால் போதும்.

11. பாசி பச்சையாக வரவில்லை. ஒருவர் மஞ்சளாக ரப்பர் போல வருகிறது என்கிறார், எனக்குக் கருப்பாக வழவழவென்று வருகிறது. விளக்கு தவறா?

பாசியின் நிறத்தை முதலில் சரியான ஒளியில் பார்க்க வேண்டும். சிவப்பு–நீல விளக்கின் கீழ் பச்சை நிறம் திருப்பி அனுப்ப ஒளி இல்லாததால் நல்ல பச்சைப் பாசிகூடக் கருப்பாகவே தெரியும். விளக்கை அணைத்து, வெள்ளை வெளிச்சத்தில் பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள். கருப்பு என்று கவலைப்பட்ட பலருடைய வலை, கையில் எடுத்துப் பார்த்தபோது செழிப்பான பச்சையாக இருந்திருக்கிறது.

உண்மையிலேயே கரும்பழுப்பாக, கூழ் போல இருந்தால், நீரில் உள்ள சத்துகளின் அளவோடு ஒப்பிடும்போது ஒளி குறைவு என்று பொருள். புதிய ஸ்கிரப்பரில் முதல் வாரங்களில் இது இயல்பு. வாரந்தோறும் வலையை எடுத்துக் கழுவி, கூழை நீக்கிக்கொண்டே இருந்தால் பச்சை தலையெடுக்கும். ஒன்றிரண்டு மாதம் கழித்தும் மாறவில்லையென்றால் ஒளியின் அளவையோ நேரத்தையோ கூட்டுங்கள், அல்லது உணவைக் குறையுங்கள்.

வெளிர்மஞ்சளாக, தோல் போன்று தடித்து வளர்ந்தால் நிலைமை நேரெதிர்: சத்துக்கு மிஞ்சிய ஒளி விழுகிறது. அதிக வாட் உள்ள குரோ லைட்டை முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் எரியவிடுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். டிம்மர் இல்லையென்றால் நேரத்தைக் குறையுங்கள், அல்லது விளக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். நீரோட்டம் 6-ஆம் கேள்வியில் சொன்ன அளவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மஞ்சள் மாறவில்லை என்றால் மட்டும், நீரில் இரும்புச்சத்துப் பற்றாக்குறை உண்டா என்று யோசிக்கலாம்.

12. நீலம் நிறைய இருந்தால் பாசி இன்னும் வேகமாக வளராதா? யூவி, ஃபார் ரெட் எல்லாம் சேர்ந்த "முழு நிறமாலை" வாங்கலாமா?

நீல ஒளியைப் பச்சையம் வலுவாக உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் நீர்ப்படலத்தின் கீழ், விளக்குக்கு மிக அருகில் இருக்கும் மெல்லிய இளம்பாசியின் மீது செறிவான நீலம் விழும்போது, அது பயன்படுத்திக்கொள்ளும் அளவைத் தாண்டிப்போய், ஒளிச்சேர்க்கை அமைப்பே பாதிக்கப்படுகிறது. முந்தைய விடையில் பார்த்த வெளுப்பு நீலம் மிகுந்த விளக்குகளில் கூடுதலாகத் தென்படுவது இதனால்தான். நான்கு அல்லது ஐந்து சிவப்புக்கு ஒரு நீலம் என்ற விகிதம் போதுமானது. பவளத்தொட்டிக்கான நீல விளக்கு மிச்சமிருக்கிறது என்பதற்காக அதை ஸ்கிரப்பருக்குத் திருப்பிவிடுவது நல்ல யோசனை அன்று.

புறஊதா ஒளி தேவையில்லை. அது பாசிக்கு உதவுவதைவிட, பிளாஸ்டிக் வலையைக் காலப்போக்கில் நொறுங்கச் செய்வதே அதிகம். 730 நானோமீட்டர் ஃபார் ரெட், அதாவது அடர்சிவப்பையும் தாண்டிய தொலைசிவப்பு ஒளி, சிவப்போடு சேரும்போது ஒளிச்சேர்க்கையைச் சற்றுக் கூட்டும் என்பது 1957-இல் ஒளிச்சேர்க்கை ஆய்வாளர் ராபர்ட் எமர்சன் கண்டறிந்ததிலிருந்து அறியப்பட்ட செய்தி. இருப்பினும் ஸ்கிரப்பர் அளவில் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. பேனலில் இரண்டு மூன்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

13. சுருளாக வரும் எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டிவிட்டால் வேலை எளிதாக முடியுமே?

வேலை எளிது, ஒளி போதுமா என்பதே கேள்வி. மீட்டருக்கு 60 எல்இடிகள் கொண்ட 5050 வகை ஸ்ட்ரிப் மீட்டருக்கு ஏறக்குறைய 14 வாட் இழுக்கும். பக்கத்துக்கு 12 வாட் வேண்டிய நம் எடுத்துக்காட்டு வலைக்கு, 10 க்கு 16 சென்டிமீட்டர் இடத்துக்குள் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் நீள ஸ்ட்ரிப்பை வரிவரியாக ஒட்ட வேண்டும். அலுமினியத் தகட்டின் மீது நெருக்கமாக ஒட்டினால் இது முடியக்கூடியதே. ஒளியும் மிகச் சீராகப் பரவும். நிறம் மாறும் ஸ்ட்ரிப்புகளில் உள்ள சிவப்பு பெரும்பாலும் 620 முதல் 630 நானோமீட்டர் அளவில் இருக்கும். அதில் பாசி வளரும், 660 அளவுக்குத் திறன் இராது. ஒட்டுப்பசை ஈரத்தில் பெயர்ந்துவிடும் என்பதால், ஸ்ட்ரிப்பை நீருக்கு நேராகக் காட்டாமல் ஒரு தகட்டுக்குப் பின்னால் வைப்பது கட்டாயம்.

14. "3 வாட்" என்று விற்கப்படும் எல்இடிகளைத் தனித்தனியாக வாங்கி நானே பேனல் செய்யலாமா? டிரைவரை எப்படித் தேர்வு செய்வது?

சால்டரிங் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி, ஏனெனில் நிற விகிதமும் இடைவெளியும் முழுக்க உங்கள் கையில் இருக்கும். எல்இடிகளைத் தொடராக இணைத்து, மாறா மின்னோட்ட டிரைவர் ஒன்றால், அதாவது மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துத் தரும் மின்வழங்கியால், ஓட்ட வேண்டும். மாறா மின்னழுத்தம் தரும் சாதாரண அடாப்டரை நேரடியாக இணைத்தால், எல்இடி சூடாகச் சூடாக மின்னோட்டம் கூடிக்கொண்டே போய் எரிந்துவிடும்.

கணக்கு இப்படி: அடர்சிவப்பு எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 2.2 வோல்ட், நீலத்துக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் தேவை. ஆறு சிவப்பும் ஒரு நீலமும் தொடராக இணைந்தால் 13.2 உடன் 3.2 சேர்ந்து 16.4 வோல்ட். 700 மில்லிஆம்பியர் டிரைவரில் ஓட்டினால், மின்நுகர்வு ஏறக்குறைய 11.5 வாட். நம் எடுத்துக்காட்டு வலையின் ஒரு பக்கத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. விகிதம் ஆறுக்கு ஒன்று என்பதால் நீலம் 12-ஆம் கேள்வியில் சொன்னதைவிடச் சற்றே குறைவு. அதனால் கெடுதல் இல்லை. டிரைவரின் வெளியீட்டு மின்னழுத்த எல்லைக்குள், உதாரணமாக 12 முதல் 24 வோல்ட் என்று குறித்திருந்தால் அதற்குள், உங்கள் கூட்டுத்தொகை நடுவாக விழ வேண்டும். எல்இடிகளை வெப்பப்பசையுடன், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்கில் பொருத்துங்கள். அரை மணி நேரம் எரிந்த பின் ஹீட் சிங்க்கில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால், பெரிய ஹீட் சிங்க்கோ சிறிய விசிறியோ தேவை.

15. நீர் தெறிக்கும் இடத்தில் மின்விளக்கு. ஆபத்து இல்லையா?

கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்துதான். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் விளக்கைவிட, 12 அல்லது 24 வோல்ட்டில் எரியும் விளக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் டிரைவரை நீர்மட்டத்துக்கு மேலே, தெறிப்பு எட்டாத தொலைவில் வையுங்கள். தொட்டியின் மின்இணைப்பு முழுவதும் 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகவே வர வேண்டும். ஒவ்வொரு கம்பியும் பிளக்கை அடையும் முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி மேலேறினால், கம்பியில் வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

விளக்கின் மீதுள்ள ஐபி எண், தூசியும் நீரும் புகாமல் அது தாங்கும் அளவைக் காட்டும் தரக்குறியீடு. ஐபி65 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேர மூழ்கலைத் தாங்கும். இரண்டுமே நன்னீரில் சோதிக்கப்படுபவை. கடல்நீர்த் தொட்டியில் உப்பு படிந்து இணைப்புகளை அரிப்பது வேறு கதை. ஆகவே எந்தத் தரக்குறியீடு இருந்தாலும், வலைக்கும் விளக்குக்கும் இடையே ஒரு தெளிவான அக்ரிலிக் தகடு இருக்கட்டும். அது ஒளியில் ஏறக்குறைய 92 சதவீதத்தைக் கடத்தும். இழக்கும் எட்டு சதவீதம் பாதுகாப்புக்குக் கொடுக்கும் நியாயமான விலை.

16. நன்னீர்த் தொட்டிக்கும் இதே விளக்குதானா?

இதே விளக்குதான். நன்னீர்ப் பாசி மெல்லியதாகவும் வலையில் பிடிப்புக் குறைந்ததாகவும் வளரும் என்பதால், வலையை நன்றாகச் சொரசொரப்பாக்குவதும் அறுவடையைச் சற்று முன்கூட்டியே செய்வதும் ஒளியைவிட அதிகப் பயன் தரும். செடிகள் நிறைந்த தொட்டியானால் ஸ்கிரப்பரை வைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். செடிகள் உண்ண வேண்டியதைப் பாசி உண்டுவிடும்.

17. நீர் வழியும் துளைக்குள்ளும் பாசி வளர்ந்து அடைத்துக்கொள்கிறது. குறைந்த வாட் போடலாமா?

வாட்டைக் குறைக்க வேண்டாம். ஒளி விழும் இடத்தைக் கட்டுப்படுத்துங்கள். வலை செருகப்பட்டிருக்கும் குழாயின் பிளவுக்கு நேராக ஒளி புகாத ஒரு பட்டையை வைத்தாலோ, விளக்கின் மேல்விளிம்பைப் பிளவுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கினாலோ போதும். தெளிவான குழாயைப் பயன்படுத்தியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். ஸ்கிரப்பர் பெட்டியிலிருந்து சம்ப் தொட்டிக்குள், அதாவது வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத்தொட்டிக்குள், ஒளி கசிந்தாலும், அங்கே தேவையற்ற பாசி படரும்; அதற்கும் மறைப்பே தீர்வு.

18. மாதக்கணக்கில் நன்றாக வளர்ந்தது, இப்போது வளர்ச்சி குறைந்துவிட்டது. விளக்கு பழசாகிவிட்டதா? மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. நல்ல எல்இடிகளின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டிருந்தால், நாளுக்கு 18 மணி நேரம் என்ற கணக்கில் அது ஏறத்தாழ ஏழரை ஆண்டு. அந்த ஆயுள் முடிவில்கூட விளக்கு அணைந்துவிடாது. பொதுவாக ஒளி 70 சதவீதமாகக் குறைவதைத்தான் அந்த எண் குறிக்கிறது. வெப்பமும் உப்பும் இதைச் சுருக்கக்கூடும், என்றாலும் முதலில் பழுதாவது வழக்கமாக எல்இடி அன்று, டிரைவர்.

விளக்கைச் சந்தேகிக்கும் முன் அக்ரிலிக் தகட்டைப் பாருங்கள். உப்பும் சுண்ணமும் மெல்லிய பாசிப்படலமும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமலே ஒளியை வெகுவாக மறைத்திருக்கும். அடுத்து டைமரின் நேரம், குழாய்ப் பிளவின் அடைப்பு, பம்பின் ஓட்டம், கடைசி அறுவடையின் தேதி. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் அறுவடை செய்யாத வலையில், 8-ஆம் கேள்வியில் சொன்னபடி அடிப்பாசி மடிந்து, வளர்ச்சி நின்றதுபோலத் தோன்றும்.

இவை அனைத்தும் சரியென்றால், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் முன்பைவிட வெகுவாக இறங்கியிருந்தால், ஸ்கிரப்பர் தன் வேலையை முடித்துவிட்டு உணவின்றி இருக்கிறது. அப்போது புதிய விளக்கு வாங்குவது பாசியை வெளுக்கவைக்கும். எரியும் நேரத்தை 12 மணிக்கோ 10 மணிக்கோ குறைத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.